எட்டின் இடது கால்

ரூவியில் வெள்ளிக்கிழமை, அஸர் கழிந்த நேரம்.
பணம் அனுப்பும் கடையில் மூன்றாம் சன்னல் என்னுடையது.
முதுகுப் பக்கம் குளிர், முகத்துக்கு நேரே கண்ணாடி,
கண்ணாடிக்கு அப்பால் இலங்கை.
(இந்தியாவுக்கு வேறு சன்னல்.
அங்கேயும் இதே சண்டைதான், ஆட்கள் வேறு.)

விலைப்பலகை வாசலுக்கு மேல்
தெருவைப் பார்த்துத் தொங்குகிறது.
அதில் என்ன எரிகிறதென்று உள்ளிருக்கும் எனக்குத் தெரியாது.
வரிசையில் நிற்பவர்களின் முகத்தில்தான் படிப்பேன்.

இன்றைக்கு முகங்கள் கொதித்தன.

"ஒரு ரியாலுக்குத் தொள்ளாயிரத்துப் பதினாறு!
நேற்று எண்ணூற்றுச் சொச்சம்.
ஒரே இரவில ரூபாயை விழுத்திப்போட்டார் உங்கட சனாதிபதி"
என்றார் முல்லைத்தீவுச் சிவசோதி.
கம்பி கட்டுகிறவர், விரல் இடுக்கெல்லாம் துரு.

"விழுத்தினதா? மறுகா என்னத்துக்கு லைன்ல நிக்கிறீங்க?"
காத்தான்குடி ஜவாஹிர் திரும்பினார்.
"ரியாலுக்கு நூறு ரூவா கூட வருது.
தந்தது யாரு? இப்ப இருக்கிற மனிசன்."

சிவசோதியின் சட்டைப் பையிலும்
எண்பது ரியால் மடிந்து கிடந்தது.
ஒரு கணம் யோசித்தார்.

"கூட வருதெண்டால் அது முந்தினவர் போட்ட விதை."
"அப்ப பாண் விலை?"
"அது இவர்ட வேலை."
"கடன்?"
"அதும் இவர்ட."
"கடன் வாங்கக்குள்ள இவரு எங்க இருந்தாரு?"

"ரெண்டு பேரும் கள்ளன்" என்றான் லாரி ஓட்டும் பந்துல,
தனக்குத் தெரிந்த தமிழில்.
அதுவரை பிரிந்து நின்ற இருவரும்
சேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள்.

என் திரையில் எண்ணூற்றுப் பதினாறு.
சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடம் சொல்லவில்லை.
மாதம் முழுக்கக் கேட்கிற குரல்களில்
இவ்வளவு உயிர் இருந்ததில்லை.

பிறகு காவலாளி ஏணி போட்டு ஏறி
துடைப்பக் கட்டையால் பலகையைத் தட்டினான்.
எட்டின் இடது காலில் ஒரு கோடு அணைந்திருந்ததாம்.
இடது கால் போன எட்டு, ஒன்பது.
இரண்டு தட்டில் கால் முளைத்தது.

வரிசை முழுக்க அண்ணாந்து பார்த்தது.
தெருவில் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது
கண்ணாடிக்குள்ளும் கேட்டது.

ஜவாஹிர்தான் முதலில் தேறினார்:
"பாத்தீங்களா, ரூவாயை விழ விடாமப் புடிச்சு வெச்சிருக்காரு!"
"புடிச்சு வைச்சு எங்கட வயித்தில அடிக்கிறார்" என்றார் சிவசோதி.
கைக்குக் கை மாறியிருந்தது கட்சி.
சண்டை அதே சண்டை.

என் சன்னலுக்கு வந்தது தங்கேஸ்வரி.
ஹட்டன் பக்கம். குரத்தில் ஒரு வீட்டில் சமையல்,
அங்கே அவளுக்குப் பெயர் ரோஸ்.
அறுபது ரியாலை உள்ளே தள்ளினாள்.

"அந்தப் பெரிய நம்பர் இல்லீங்களா?"
"இல்லை. விளக்குக் கோளாறு."
"லைன்ல நிக்கறப்பவே போன் போட்டுச் சொல்லிட்டனே,
அம்பத்தஞ்சாயிரம் வருதுன்னு.
ரேட்டு ஏறிருச்சாம், புது சனாதிபதி நல்லவருன்னு
அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு."

கைப்பையின் உள் பைக்குள் ஒரு பர்ஸ்.
பர்ஸுக்குள் முடிச்சுப் போட்ட கைக்குட்டை.
ஐந்து, ஒன்று, ஒன்று,
அப்புறம் சில்லறை.
"அந்தக் கணக்கு வர்றதுக்கு எவ்வளவு போடணும்?"
"இன்னும் ஏழு ரியால், முந்நூற்றைம்பது பைசா.
அப்படியும் மூன்று ரூபாய் குறையும்."

பணம் வந்த வழி என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
கேட்காமலே எழுதினேன்: சம்பளம்.
அவளுக்குப் பின்னால் யாரோ
முந்தினவரின் முந்தினவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ரசீதை இரண்டாய் மடித்தாள்.
"மூணு ரூவாதானே" என்றாள்.
"அத சனாதிபதி போட்டுக்கட்டும்."